வெங்காயம், சம்பங்கி, கண்வலிக்கிழங்கு: எது எந்தக் குடும்பம்?

பாலக்கோடு மாணவி:
தருமபுரி சுற்றுவட்டாரத்து ஒருவித்திலைச் செடிகளை வைத்து ஹெர்பேரியம் (உலர்த்திய செடித் தொகுப்பு) செய்கிறோம். வெங்காயப் பூ, சம்பங்கி, கண்வலிக்கிழங்கு மூன்றிலும் ஆறு பூவிதழ், ஆறு மகரந்தத்தாள், மூன்று அறைச் சூலகப்பை (பூவில் சூல்கள் இருக்கும் பை). பழைய வகைப்பாட்டு முறையான பெந்தம்-ஹூக்கர்படி வெங்காயம் லில்லியேசி, சம்பங்கி அமரில்லிடேசி. டிஎன்ஏவை வைத்துச் செய்த இன்றைய வகைப்பாடான ஏபிஜியில் வெங்காயம் அமரில்லிடேசிக்குள் போய்விட்டது, சம்பங்கியோ அங்கே இல்லை. லேபிளில் எதை எழுதுவது? செடியில் எதைப் பார்த்து முடிவு செய்வது?

அரூர் தாவரவியல்:
பெந்தமும் ஹூக்கரும் முதலில் பார்த்தது சூலகப்பை இருக்கும் இடத்தை. இதழ் ஒட்டும் இடத்துக்கு மேலே இருந்தால் மேல்மட்டம், அது லில்லியேசி; கீழே இருந்தால் கீழ்மட்டம், அது அமரில்லிடேசி. 1934-இல் தாவரவியலாளர் ஹட்சின்சன் மஞ்சரியை, அதாவது பூக்கள் அடுக்கியிருக்கும் முறையை, முன்னால் வைத்தார். இலையில்லாத் தண்டின் நுனியில், சவ்வு மடலுக்குள்ளிருந்து குடை மஞ்சரி விரிந்தால் அமரில்லிடேசி. சூலகப்பை எங்கே இருந்தாலும் சரி. வெங்காயம் இடம் மாறியது அப்போதுதான். டிஎன்ஏ ஆய்வும் பிறகு அதையே உறுதிசெய்தது. இன்று அந்தக் குடும்பத்துக்குள் துணைக்குடும்பத்தைப் பிரிக்கத்தான் சூலகப்பை உதவுகிறது: வெங்காயம், பூண்டு மேல்மட்டம், விஷமூங்கில் கீழ்மட்டம்.

சம்பங்கியில் குடை கிடையாது. நீண்ட கதிரில், ஒவ்வொரு பூவடிச் செதிலுக்கும் இரண்டிரண்டாகப் பூ. அதன் உறவு கற்றாழையோடு, அதாவது வேலியோரம் நிற்கும் அகேவ்வோடு. இரண்டிலும் அடிப்படைக் குரோமோசோம் தொகுதி 5 பெரியது, 25 சிறியது. அதனால் ஆஸ்பராகேசி. கண்வலிக்கிழங்கு கோல்சிகேசி: குமிழ் இல்லை, கிழங்கு, இலைநுனி பற்றுக்கம்பியாகச் சுருளும், சூல்தண்டு அடியிலேயே செங்குத்தாக மடங்கிப் பக்கவாட்டில் நீளும்.

லேபிளில் ஏபிஜி IV (2016) குடும்பத்தை எழுதி, கீழே "பெ.ஹூ: லில்லியேசி" (சம்பங்கிக்கு அமரில்லிடேசி) என்று ஒரு வரி சேருங்கள். நம் ஊரில் அடையாளம் காணக் கையில் எடுப்பது மதராஸ் மாகாணத் தாவரங்கள் பற்றிய கேம்பிளின் நூல். அது பழைய முறையில் அடுக்கியது. அந்த வரி இல்லையென்றால் அடுத்து வருபவர் தேடித் திணறுவார்.

தேன்கனிக்கோட்டை:
சம்பங்கியில் பலரும் தவறுவது வெட்டும் இடத்தில். பூவின் அடியில் இருக்கும் குட்டைப் பச்சைப் புடைப்பைக் காம்பு என்று நினைத்து நறுக்கி எறிந்துவிட்டு, குழலுக்குள் சூலகப்பையைத் தேடுகிறார்கள். அந்தப் புடைப்புதான் சூலகப்பை. அன்று விரிந்த ஒற்றைப் பூவாக எடுங்கள். அடுக்குச் சம்பங்கி வேண்டாம், அதில் மகரந்தத்தாள் இதழாக மாறியிருக்கும். புது பிளேடால் அடியிலிருந்து மேலாக நெடுக்கில் இரண்டாகப் பிளந்து, இதழ்க்குழல் எங்கே தொடங்குகிறது என்று லென்ஸில் பாருங்கள். குறுக்குவெட்டு வேறொரு பூவில். சம்பங்கியில் அறைக்கு இரண்டு வரிசையாகப் பல சூல்கள், வெங்காயத்தில் அறைக்கு இரண்டே சூல்.

வெங்காயத்தில் உள்வரிசை மூன்று மகரந்தத்தாள்களின் அடி அகன்று, இருபுறமும் சின்னப் பல் நீட்டியிருக்கும். இதையும் வரைந்தால் விளக்கம் முழுமையாகும்.

பாலக்கோடு மாணவி:
நன்றி சார். வத்தல்மலையில் இன்னொன்று: இலையே இல்லை, தண்டு மட்டும், பழுப்பு கலந்த வெளிர்நிறப் பூக்கள் தள்ளித் தள்ளி, நீண்ட காம்பில் தொங்குகின்றன. அடியில் பெரிய குமிழ். சூலகப்பை மேல்மட்டம்.

அரூர் தாவரவியல்:
பூக்கள் தள்ளித் தள்ளி என்பதாலேயே குடை இல்லை. வெங்காயக் கூட்டம் விலகியது. நரி வெங்காயமாக இருக்கும், ட்ரிமியா இண்டிகா. பூத்த பிறகே இலை விடும். கேம்பிளில் அர்ஜினியா இண்டிகா என்று தேடுங்கள். பழைய முறையில் லில்லியேசி, இன்று ஆஸ்பராகேசி. காய் வந்ததும் மறுபடி பாருங்கள்: முப்பட்டைக் காய்க்குள் தட்டையான கருப்பு விதை இருந்தால் உறுதி. குமிழில் நச்சு உண்டு, தொட்டபின் கை கழுவிவிடுங்கள்.

தேன்கனிக்கோட்டை:
அந்தக் குமிழை முழுசாக, செடியை அழுத்தி உலர்த்தும் பிரஸ்ஸில் வைக்காதீர்கள். தாளுக்குள்ளேயே துளிர்விடும், ஈரம் கசிந்து பூஞ்சை பிடிக்கும். நெடுக்கில் வெட்டி, வேர்த்தட்டோடு ஒரு மெல்லிய துண்டை மட்டும் வைத்துக்கொண்டு, கொதிநீரில் சுமார் ஒரு நிமிடம் முக்கி ஒற்றியெடுத்து வையுங்கள். பூவில் வெந்நீர் படக்கூடாது. முதல் வாரம் தினமும் தாள் மாற்றுங்கள். உலர்ந்தால் பூ நிறம் போய்விடும், அதனால் நிறத்தைப் பறித்த இடத்திலேயே குறித்துவிடுங்கள். 42 × 28 செ.மீ. தாளில் தண்டு அடங்காவிட்டால் வெட்டாமல் N வடிவில் மடியுங்கள்.