ஹீட்ரான் நிற்குமா, மாறுமா? கணிப்பில் உதவி தேவை

போக்கிமான் சிங்கிள்ஸ் (ஒன்றுக்கு ஒன்று மோதும் ஆட்டம்) ஆடும் நண்பர்களே, ஒரு சந்தேகம்.

களத்தில் என் பக்கம் கார்சோம்ப் என்ற போக்கிமான், எதிரில் ஹீட்ரான். எர்த்க்வேக் (நில வகைத் தாக்குதல்) அடித்தால் நான்கு மடங்கு சேதம். ஆனால் ஹீட்ரானுக்குப் பதிலாக இறங்க எதிராளியின் அணியில் ஸாப்டோஸ் காத்திருக்கிறது. பறக்கும் வகை என்பதால் எர்த்க்வேக் அதைத் தொடவே தொடாது. அது வரும் என்று கணித்து ஸ்டோன் எட்ஜ் (பாறை வகைத் தாக்குதல்) போட்டால் இரண்டு மடங்கு விழும் (துல்லியம் 80 சதவீதம்தான், அது தனி எரிச்சல்). ஹீட்ரான் மாறாமல் நின்றுவிட்டால் அதே ஸ்டோன் எட்ஜ் வெறும் சாதாரண சேதம்.

அவர் மாற்றுவார் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். இந்தச் சுழலை எங்கே நிறுத்துவது?

முன்னிலையில் இருந்தால் பாதுகாப்பாக ஆடு, பின்தங்கினால் துணிந்து கணி என்கிறார்கள். சரி, ஆட்டம் சமமாக இருந்தால்? அந்தச் சுற்றில் அடிக்காமல் ஸ்வோர்ட்ஸ் டான்ஸ் போட்டால் கார்சோம்பின் தாக்குதல் இரட்டிப்பாகும். ஆனால் ஹீட்ரான் நின்றால் அதற்கு ஓர் இலவச அடி.

நீங்கள் லாப நஷ்டக் கணக்குப் போட்டு முடிவெடுப்பீர்களா, அல்லது எதிராளியின் முந்தைய சுற்றுகளைப் பார்த்தா? லாடரில் (ஆன்லைன் தரவரிசை ஆட்டத்தில்) முன்பின் தெரியாதவரோடு, முதல் சில சுற்றுகளிலேயே இந்த நிலை வந்தால் என்ன செய்வீர்கள்? இப்படிப்பட்ட ரீப்ளே (ஆட்டப் பதிவு) இருந்தால், ஏன் அந்த நகர்வு என்ற விளக்கத்தோடு பகிருங்கள்.