கிராக் போட்டு மாட்டிக்கொண்டேன், டி டிரைவ் தப்புமா?

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். பினாங்கு தண்ணீர்மலைக் காவடி வீடியோக்களை எடிட் செய்வது என் பொழுதுபோக்கு. காசு மிச்சம் பிடிக்க, மூன்று வாரத்துக்கு முன் கிராக் செய்த (உரிமப் பூட்டை உடைத்த) எடிட்டிங் மென்பொருள் ஒன்றைப் போட்டேன். 'ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்' என்று அதிலேயே எழுதியிருந்தது. அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

ஏசர் நைட்ரோ 5, விண்டோஸ் 11. சும்மா இருக்கும்போதே விசிறி இரைகிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் கப்சிப். விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் விலக்குப் பட்டியலில் (ஸ்கேன் செய்யாமல் விடும் இடங்கள்) சி டிரைவ் முழுவதும் ஏறியிருக்கிறது. நீக்கினாலும் ரீஸ்டார்ட் செய்ததும் திரும்ப வந்துவிடுகிறது.

மென்பொருளை அழித்தாயிற்று. ஆஃப்லைன் ஸ்கேன் இரண்டு முறை, மால்வேர்பைட்ஸ் ஒரு முறை. பாஸ்வேர்டுகளைத் தம்பி போனிலிருந்து மாற்றிவிட்டேன்.

பென்டிரைவிலிருந்து புதிதாக விண்டோஸ் போடத் தயார். டி டிரைவில் 400 ஜிபி வீடியோ இருக்கிறது. சி-யை மட்டும் அழித்தால் போதுமா, இரண்டையும் அழிக்க வேண்டுமா?