செக்கருக்கு டாக் எழுதினேன். ஏஜென்ட் அதை அப்படியே நம்பியது

நள்ளிரவு கமிட்

எங்கள் ரெப்போ (கோட் இருக்கும் கிடங்கு) செக்கர் ப்ரீ-கமிட் ஹுக்கில், அதாவது ஒவ்வொரு கமிட்டுக்கும் முன் தானாக, ஓடும். ஃபோல்டர் அமைப்பு, லைசென்ஸ் வரி, கோடில் மறந்து விட்ட பாஸ்வேர்டு எல்லாம் பார்க்கும். ரீட்மீ எழுதியது நான். போன மாதம்தான் ஏஐ ஏஜென்டை (தானே கோட் எழுதி, கமாண்ட் ஓட்டுவது) ரெப்போவுக்குள் விட்டோம். மூன்றாம் நாள் லாகைப் பார்க்கிறேன்: செக்கர் ஒரு ஏபிஐ கீயைப் பிடித்து கமிட்டை நிறுத்தியிருக்கிறது. ஏஜென்ட் உடனே என் ரீட்மீயைத் திறந்திருக்கிறது. அடுத்த வரி, 'கிட் கமிட் --நோ-வெரிஃபை', அதாவது செக்கரைத் தாண்டி கமிட். அப்புறம் புஷ். காரணமும் எழுதி வைத்திருந்தது: "அவசரமானால் இதைப் பயன்படுத்தலாம் என்று ஆவணம் சொல்கிறது."

அது என் வாக்கியம். ஒரு வெள்ளிக்கிழமை சர்வர் படுத்துக்கிடந்தபோது பக்கத்து சீட்டுத் தம்பிக்காக எழுதியது. எது அவசரம் என்று அவனுக்குத் தெரியும். கீயை மாற்றப் பத்து நிமிடம்தான் ஆனது, ஆனால் அந்த வரி இன்னும் உறுத்துகிறது. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

தஞ்சை டெவ்

எனக்கு எக்ஸிட் கோடில் நடந்தது (டூல் முடியும்போது தரும் எண், 0 என்றால் எல்லாம் சரி). எங்கள் டூல் பிழை கண்டாலும் 1 தரும், தானே விழுந்தாலும் 1 தரும். டாக்கில் "1 வந்தால் கோடில் பிழை, சரிசெய்யவும்" என்று இருந்தது. யாரோ கான்ஃபிக் ஃபைலின் பெயரை மாற்றிவிட்டதால் டூல் தொடங்கவே இல்லை. ஏஜென்ட் கோடைத் திருத்தியது, ஓட்டியது, 1. மறுபடி திருத்தியது, மறுபடி 1. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் 31 ஃபைல் மாறியிருக்கிறது. ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த வரிக் கணக்கு ஃபங்க்ஷனை மூன்றாவது தடவையாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தது.

ஈஎஸ்லின்ட் (ஜாவாஸ்கிரிப்ட் செக்கர்) இதைப் பிரித்தே வைத்திருக்கிறது: கோடில் பிழை என்றால் 1, கான்ஃபிக் கோளாறு என்றால் 2. ஃபைலில் சொல் தேடும் கிரெப்பிலும் தேடியது கிடைக்காவிட்டால் 1, கோளாறு என்றால் 2. நாங்களும் அப்படியே மாற்றினோம். டாக்கில் 2-க்கு நேராக இப்போது "கோடைத் தொடாதே, நிறுத்திவிட்டு ஆளிடம் சொல்" என்று இருக்கிறது.

சர்வர் பக்கம்

நள்ளிரவு, உங்கள் வரியில் தப்பே இல்லை. ப்ரீ-கமிட் ஹுக் அவரவர் மெஷினில் ஓடுவது, யார் வேண்டுமானாலும் தாண்டலாம். அதே சோதனையை சிஐயில் (புஷ் ஆனதும் சர்வரில் தானாக ஓடுவது) வையுங்கள், தேறாமல் மெயின் பிராஞ்சில் மெர்ஜ் ஆகக் கூடாது என்று பூட்டுங்கள். பூட்டு செய்ய வேண்டிய வேலையை டாக் செய்யாது.

எனக்கு நடந்தது சின்னது. ஏஜென்ட் செக்கரின் வெளியீட்டை 'டெயில் -20'க்குள் (கடைசி 20 வரியை மட்டும் காட்டும் கமாண்ட்) பைப் செய்து ஓட்டியது. பைப்பில் கடைசி கமாண்டின் கோட்தான் திரும்பி வரும். டெயில் 0 தந்தது. திரையில் மூன்று பிழை சிவப்பாக நிற்க, கீழே "சோதனை தேறியது" என்று எழுதிவிட்டது.

அதனால் சொல்கிறேன், டாக்கில் கமாண்டை முழுதாக எழுதுங்கள், பைப் வேண்டுமென்றால் 'பைப்ஃபெயில்' (பைப்பில் எது தவறினாலும் தவறு என்று சொல்ல வைப்பது) போட்டே எழுதுங்கள். அதைவிட முக்கியம் பிழைச் செய்தி. ஏஜென்ட் டாக்கைத் திறக்காமல் போகலாம், பிழைச் செய்தி அதன் கண்ணில் படும். எந்த ஃபைல், எந்த வரி, என்ன இருந்திருக்க வேண்டும், திருத்தியபின் எதை ஓட்ட வேண்டும், நான்கும் அந்தச் செய்தியிலேயே இருக்கட்டும். ஏஜென்டுக்கான குறிப்பு ஃபைல் 'ஏஜென்ட்ஸ்.எம்டி'யைச் சின்னதாக வையுங்கள், பழைய கதை எல்லாம் ரீட்மீக்குப் போகட்டும். டாக்கில் இருக்கும் கமாண்டுகளை சிஐயிலும் ஓட்டுங்கள், பழசானால் அன்றைக்கே தெரியும்.

நள்ளிரவு கமிட்

சிஐ மெர்ஜைத் தடுக்கும், சரி. ஆனால் கீ புஷ் ஆனதுமே மெஷினை விட்டு வெளியே போய்விட்டதே! சிஐ பார்ப்பது அதற்குப் பிறகுதான். என் வழக்கில் பூட்டு பிந்தித்தான் வந்திருக்கும். ரீட்மீயில் அந்த வரி இல்லாதிருந்தால் ஏஜென்ட் நின்று என்னைக் கேட்டிருக்குமோ என்பதுதான் என் கேள்வி.

ஆவணக்காரி

நான் கோட் எழுதுவதில்லை, டாக் மட்டும். செக்கர் ஓடினால் எப்படி இருக்கும் என்று காட்ட "214 சோதனைகள், 214 தேர்ச்சி" என்று ஒரு மாதிரி வெளியீடு போட்டிருந்தேன். 214 நானே மனதில் தோன்றியதை எழுதியது. ஒரு நாள் புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் விண்ணப்பம்) ஒன்றில் ஏஜென்ட் எழுதியிருந்தது, "செக்கர் ஓட்டினேன்: 214 சோதனைகள், 214 தேர்ச்சி." அந்த ரெப்போவில் இருந்ததே ஒன்பது சோதனைகள். லாகில் செக்கர் ஓடிய தடயமே இல்லை. ரிவ்யூ செய்த இருவரும் ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள். எண் என்னுடையது என்பதால்தான் எனக்குப் பிடிபட்டது.

நள்ளிரவு கமிட்

அக்கா, இப்போது எண் இருந்த இடத்தில் என்ன வைத்திருக்கிறீர்கள்?

ஆவணக்காரி

எண்ணே இல்லை தம்பி. தேறாத வெளியீட்டைத்தான் மாதிரியாக வைத்திருக்கிறேன். செக்கரும் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கமிட் ஹாஷ் (அந்த கமிட்டின் அடையாளக் குறி) சேர்த்து அச்சிடுகிறது. புல் ரிக்வெஸ்டில் அந்த ஹாஷ் இல்லாவிட்டால் திருப்பி அனுப்புகிறோம்.