சிடி79: துணையலகா, குறிகையலகா?

அனைவருக்கும் வணக்கம்.

எதிர்ப்பொருள் உண்டாக்கும் வெள்ளணுவான பி செல்லின் ஏற்பி பற்றிய கட்டுரைக்கு இரண்டு சொற்கள் முடிவாக வேண்டும். அந்த ஏற்பியில் உள்ள சிடி79ஏ, சிடி79பி (CD79a, CD79b) புரத இணையைத் 'துணையலகு' என்று எழுதிவருகிறோம். எனக்கு உடன்பாடில்லை. ஆன்டிஜெனைப் பிடிப்பது சவ்வில் நிற்கும் இம்யூனோகுளோபுலின்தான். ஆனால் ஐஜிஎம் வகையில் அதன் வால் செல்லுக்குள் நீள்வது மூன்றே அமினோ அமிலம்: லைசின், வாலின், லைசின். பாஸ்பேட் ஏற்றும் நொதியான கைனேஸ் எதற்கும் அங்கே வேலை இல்லை. சேதியை உள்ளே கடத்துவது சிடி79 இணை. அது சேராவிட்டால் ஐஜிஎம் செல்பரப்புக்கே வராது. பிறவியிலேயே சிடி79ஏ மரபணு பழுதானவர்களுக்கு முதிர்ந்த பி செல்லும் எதிர்ப்பொருளும் ஏறக்குறைய இல்லாமலே போகின்றன. ஆகவே 'குறிகையலகு' என்கிறேன்.

அடுத்தது ஐடாம் (ITAM), ஆங்கிலப் பெயரில் 'activation' (ஊக்குதல்) என்ற சொல் உள்ள, சிடி79 வாலின் அமினோ அமிலத் தொடர். 1989-இல் மைக்கேல் ரெத் சுட்டிக்காட்டிய அமைப்பு: டைரோசின், எதுவாயினும் இரண்டு, பிறகு லியூசின் அல்லது ஐசோலியூசின், 6 முதல் 8 அமினோ அமிலம் தள்ளி அதே அடுக்கு மறுபடியும். குறித்த இடத்தில் குறித்த எழுத்து திரும்ப வருவதை யாப்பில் தொடை என்போமே, அதேதான். 'இணைடைரோசின் தொடை' எப்படி? இதன் எதிரியான, செல்லை அடக்கும் ஐடிமில் (ITIM) ஒரு டைரோசின்தான். அது 'ஒற்றைடைரோசின் தொடை'.

———

வணக்கம் ஐயா.

குறிகையலகு சரி. துணை என்றாலே இரண்டாமிடம் ஆகிவிடாது, பல்கலைக்கழகத்தை நடத்துபவர் துணைவேந்தர்தான்; அது கிடக்கட்டும். இலங்கைப் பாடநூல்களில் ஏற்பி 'வாங்கி', எதிர்ப்பொருள் 'பிறபொருளெதிரி'. முதல் தடவை வரும் இடத்தில் இரண்டையும் தந்துவிடுங்கள்.

தொடை வேண்டாம். மருத்துவ மாணவருக்குத் தொடை என்றால் இடுப்புக்குக் கீழே இருப்பதுதான். 'தொடரமைவு' போதும்.

ஐடாமின் பெயரில் 'ஊக்க' என்ற சொல்லைத் தவிர்த்தது நல்லது. லின் என்ற கைனேஸ் ஐடாமின் இரண்டு டைரோசினிலும் பாஸ்பேட் ஏற்றினால், சிக் என்ற இன்னொரு கைனேஸ், பாஸ்பேட் ஏறிய டைரோசினைப் பற்றும் தன் இரண்டு எஸ்எச்2 பகுதிகளாலும் அங்கே பூட்டிக்கொண்டு முடுக்கம் பெறும். பாஸ்போலிபேஸ் சி காமா-2 என்ற நொதி வழியாகக் கால்சியம் உயரும். ஒன்றில் மட்டும் ஏறினால் சிக் நிலைக்காது. லின்னும், பாஸ்பேட்டை நீக்கும் ஷிப்-1 நொதியும் சேர்ந்து செல்லை அடக்கும் பக்கம் போய்விடும். தன் உடலின் ஆன்டிஜெனையே ஓயாமல் சந்தித்து மந்தமாகிப்போன பி செல்களில் காண்பது இதுதான். சிடி79பி-யின் 196-ஆம் டைரோசின் பிறழ்ந்த லிம்போமாக்களிலும் இதே பாடம்: அங்கே லின்னின் கடிவாளம் தளர்கிறது, ஏற்பி செல்பரப்பில் கூடுதலாகத் தங்குகிறது. ஆக, ஐடாம் ஊக்கியும் கடிவாளமும் சேர்ந்த ஒன்று.

ஆனால் ஒற்றைடைரோசின் உதவாது. தட்டணுக்களில் உள்ள சிலெக்-2 (CLEC-2) என்ற ஏற்பியில் ஒரே டைரோசின் அடுக்குதான், ஆனாலும் அது ஊக்குகிறது. இரண்டு சிலெக்-2 அருகருகே வந்து ஒரு சிக்கை ஏந்திக்கொள்கின்றன. உங்கள் பெயரைப் படிப்பவர் இதையும் ஐடிம் என்றே எடுத்துக்கொள்வார்.

———

சிலெக்-2-ஐ மறந்துவிட்டேன், நன்றி. அப்படியானால் எண்ணிக்கையை ஐடாம் பக்கம் மட்டும் வைத்துக்கொள்வோம்: 'இணைடைரோசின் தொடரமைவு', சிலெக்-2-இல் உள்ளது 'அரையிணைத் தொடரமைவு'. ஐடிம், ஷிப்-1 போன்ற பாஸ்பட்டேஸ்களை வரவழைத்து அடக்குவதால் அது 'அடக்கு தொடரமைவு'.

இந்தச் சொல் செய்முறைப் பகுதியிலும் தேவைப்படும். ஐஜிஎம்முக்கு எதிரான முழு ஐஜிஜி-யால் பி செல்லைத் தூண்டினால், அதன் எப்சி வால் (ஆன்டிஜெனைப் பிடிக்காத முனை) பி செல்லிலேயே உள்ள எப்சி காமா ஏற்பி 2பி-யையும் சேர்த்து இழுத்துவிடும். அங்குள்ள அடக்கு தொடரமைவு கால்சிய உயர்வைச் சுருக்கிவிடும். எதிர்ப்பொருள் கெட்டுப்போனது என்று குப்பியை மாற்றுவதில் பயனில்லை. எப்சி நீக்கிய இருகைத் துண்டையே (F(ab')2) எடுக்க வேண்டும். மில்லி லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் அளவு வழக்கமானது. சிக்கில் பாஸ்பேட் ஏறியதைப் பார்க்க முதல் ஐந்து நிமிடத்துக்குள் மாதிரியை நிலைப்படுத்திவிடுங்கள்.

'இருகைத் துண்டு' நானே போட்ட சொல். இதைவிட நல்லது இருந்தால் சொல்லுங்கள்.