பெப் டெஸ்ட் ரிப்போட்டில் 'எல்.எஸ்.ஐ.எல்': வெள்ளைப்படுதலால் வந்ததா?

கல்லடிக்காரி:
வயது 35. மிட்வைஃப் அக்கா கூப்பிட்டதால் வெல் வுமன் கிளினிக்குக்குப் போய் பெப் டெஸ்ட் (கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான முன்சோதனை) செய்தேன். ரிப்போட்டில் 'எல்.எஸ்.ஐ.எல்' (கருப்பை வாய்க் கலங்களில் லேசான மாற்றம்) என்றும், அழற்சி இருக்கிறது என்றும் போட்டிருக்கிறது. இரண்டு வருடமாக வெள்ளைப்படுதல் விட்டுவிட்டு வருகிறது. மீன் வெடுக்கு மாதிரி மணம். மாமி உடம்புச் சூடு என்று வெந்தயம் ஊறப்போட்டுத் தருகிறா. குறையவில்லை. இந்தத் தொற்றுதான் புற்றுநோய்க்கு முந்தின மாற்றமாகிவிட்டதா? மருந்து எடுத்தால் இதுவும் போய்விடுமா?

ஆரையம்பதி அக்கா:
தங்கச்சி, நான் கிருமிநாசினி கலந்த தண்ணியால் உள்ளே கழுவிக் கழுவி மணம் கூடினதுதான் மிச்சம். அதை மட்டும் செய்யாதீங்க.

பென்சன் மிஸ்ஸி:
இரண்டையும் பிரித்துப் பாருங்க, தங்கச்சி. கருப்பை வாய்க் கலங்களை மாற்றுவது, உறவால் பரவும் எச்.பி.வி வைரஸ். அதனால் மணமோ, வெள்ளைப்படுதலோ, அரிப்போ வராது. மீன் மணம் பெரும்பாலும் பாக்டீரியா சமநிலை குலைவதால் வருவது. லாக்டோபசிலஸ் என்ற நல்ல கிருமிகள் குறைந்து, அமிலத்தன்மை இறங்கிவிடும் (பி.எச் 4.5க்கு மேல் போகும்). அப்படி இருக்கிறவர்களிடம் எச்.பி.வி கூடுதலாகக் காணப்படுகிறது, லேசில் போகாமலும் தங்குகிறது. ஆனால் ஒன்று மற்றதை உண்டாக்குகிறது என்று அடித்துச் சொல்ல முடியாது. உள்ளே கழுவினால் அந்த நல்ல கிருமிகளும் போய்விடும், அக்காவுக்கு நடந்தது அதுதான்.

மெட்ரோனிடசோல் மாதிரி மருந்து மணத்தை நிறுத்தும், வைரஸை ஒன்றும் செய்யாது. மணம் போனதும் 'சுகம்' என்று கிளினிக்கை விட்டுவிடுகிறார்கள், எனக்குக் கோபம் வருவது அங்கேதான். எல்.எஸ்.ஐ.எல் புற்றுநோய் இல்லை, பெரும்பாலும் தானாகச் சுகமாகிவிடும். ஆனாலும் ரிப்போட்டோடு வி.ஓ.ஜி. (பெண்நோயியல்) டொக்டரைப் பாருங்க. தேவையென்றால் கொல்போஸ்கோபி செய்வார்கள்: வினிகர் மாதிரி ஒன்றைப் பூசி, லென்ஸால் பார்ப்பது. உறவுக்குப் பிறகு இரத்தம் பட்டால் திகதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

கல்லடிக்காரி:
கேட்கவே கூச்சம். வைரஸ் என்றால் அவர்...?

பென்சன் மிஸ்ஸி:
சந்தேகப்படாதீங்க. எச்.பி.வி வருடக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும், எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ட்ரைக்கோமோனாஸ் (உறவால் பரவும் இன்னொரு கிருமி) என்று வந்தால் அவரும் சேர்ந்து மருந்து எடுக்க வேண்டும். மகள் இருந்தால், பள்ளியில் தரம் 6இல் போடும் எச்.பி.வி ஊசியைத் தவறவிடாதீங்க. 2017இலிருந்து இலவசம்.

கல்லடிக்காரி:
போய்வந்தேன். குளிசை தந்து, கொல்போஸ்கோபிக்குத் திகதியும் போட்டார்கள். மாமி கூடவே வந்தா. 58 வயது, ஒருநாளும் பெப் டெஸ்ட் செய்ததில்லையாம். திரும்பி வரும்போது பஸ்ஸில், "எனக்கும் ஒருக்கா கேட்டுப் பாரன்" என்கிறா.