நடுச்சுவரை உடைத்த மறுநாள் சீலிங்கில் கோடு: வேலையைத் தொடரலாமா?

நடுச்சுவர்:
சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் இருக்கும் சுவரை எடுத்துவிட்டு ஒரே இடமாக்க நினைத்தோம். நாங்கள் இருப்பது தரைத்தளம், மேலே ஒரு மாடி. சுவர் 4.5 இன்ச்தான். "வெறும் தடுப்புச் சுவர், ரெண்டு நாள் வேலை" என்றார் மேஸ்திரி. நேற்று நடுவில் 3 அடி அகலத்துக்கு உடைத்தார்கள். இன்று காலை பார்த்தால் திறப்பின் மேல்மூலைகளிலிருந்து படிக்கட்டு மாதிரி விரிசல் ஏறியிருக்கிறது. சீலிங்கிலும் சுவரை ஒட்டி முடி கனத்தில் ஒரு கோடு. பட்டி பார்த்தால் போய்விடும் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

தூக்குக்குண்டு:
முதலில் சம்மட்டியைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். திறப்புக்கு மேலே லிண்டல், அதாவது மேல்சுவரைத் தாங்கும் குறுக்குக் கட்டை, போட்டார்களா? சீலிங்கில் அந்தச் சுவரின் நேர்கோட்டில் பீம் தெரிகிறதா? மாடியில் அதே இடத்தில் என்ன இருக்கிறது?

நடுச்சுவர்:
லிண்டல் இல்லை. பீமும் இல்லை. மாடிக்குப் போய் ஜன்னலிலிருந்து அடி வைத்து அளந்தேன். சரியாக அதே கோட்டில் படுக்கையறைச் சுவர் நிற்கிறது. இது எனக்குத் தோன்றவே இல்லை.

தூக்குக்குண்டு:
அப்படியென்றால் இரண்டு விரிசலையும் தனித்தனியாகப் பாருங்கள். படிக்கட்டு விரிசல் லிண்டல் இல்லாததால் வந்தது. செங்கல் ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறி நிற்பதால், திறப்புக்கு மேல் ஒரு முக்கோணத் துண்டுதான் தொங்கும், அது இறங்குகிறது. என் கவலை சீலிங் கோடுதான். சுவர் தாங்கும் இடத்தில் ஸ்லாபின் (கூரையாக இருக்கும் கான்கிரீட் தளத்தின்) முக்கியக் கம்பி பெரும்பாலும் மேல்பக்கம் இருக்கும். சுவரை எடுத்தால் அதே இடம் கீழ்ப்பக்கம் இழுபடும், அங்கே கம்பி குறைவு. கோட்டின் மேல் பூச்சை ஒரு கை அகலம் சுரண்டுங்கள். பூச்சோடு நிற்கிறதா, கான்கிரீட்டிலும் ஓடுகிறதா? இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள்.

ரசமட்டம்:
இன்னொன்றும் பாருங்கள். சுவரும் ஸ்லாபும் சேரும் இடத்தில் பூச்சை எடுத்தால், கடைசி வரிசைக்கு மேல் கலவையும் சில்லும் திணித்திருந்தால் சுவர் பிறகு கட்டியது. கான்கிரீட் பால் (ஊற்றும்போது வடியும் சிமெண்ட் நீர்) செங்கல் மேல் ஒழுகி ஒட்டியிருந்தால், சுவரைக் கட்டி அதன் மேலேயே ஸ்லாப் போட்டிருக்கிறார்கள், அது சுமை தாங்கும் சுவர். பிறகு கட்டிய சுவராக இருந்தாலும் நம்பிவிடாதீர்கள். வருஷக்கணக்கில் ஸ்லாப் கொஞ்சம் தொய்ந்து அதன் மேல் உட்கார்ந்திருக்கும்.

நடுச்சுவர்:
கான்கிரீட் பால்தான். கோடும் கான்கிரீட்டில் ஓடுகிறது. கை நடுங்குகிறது.

ரசமட்டம்:
பயப்பட வேண்டாம், ஆனால் இன்றே முட்டு கொடுங்கள். உயரத்தைத் திருகி ஏற்றி இறக்கும் இரும்பு ஜாக்கி முட்டு, சுவரின் இரண்டு பக்கமும், மேலேயும் கீழேயும் பலகை வைத்து. ஸ்லாப் இரண்டு பக்கத்திலிருந்தும் சுவரில் வந்து உட்காருவதால் ஒரு பக்கம் போதாது. பலகை ஸ்லாபைத் தொட்டு இறுகினால் போதும். பலம் காட்டி ஏற்றினால் ஸ்லாப் மேல்பக்கம் வெடிக்கும். அப்புறம் ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரை நேரில் கூப்பிடுங்கள், போட்டோவைப் பார்த்து யாரும் பீம் அளவு சொல்லக் கூடாது. அதுவரை மாடியில் அந்த அறையை யாரும் புழங்க வேண்டாம்.

நடுச்சுவர் (மூன்று வாரம் கழித்து):
முட்டு கொடுத்த பிறகு பென்சில் குறியைத் தாண்டி விரிசல் போகவில்லை. எஞ்சினியர் கணக்குப் போட்டு இரும்பு ஐ-பீம் சொன்னார். இரண்டு முனையிலும் செங்கல் நசுங்காமலிருக்க பீம் உட்கார கான்கிரீட் பெட் (கட்டை) போட்டு ஏற்றினார்கள். பீமுக்கும் ஸ்லாபுக்கும் நடுவில் இடைவெளியை நிரப்பும் சுருங்காத கலவை (கிரவுட்). அது இறுகிய பிறகுதான் முட்டுகளை எடுத்தார்கள். மீதிச் சுவரும் போய்விட்டது, வீடு பெரிதாகத் தெரிகிறது. புதுப் பிரச்சினை: ஹால் ஃபேனைப் போட்டால் அடுப்புத் தீ சாய்கிறது, புகை சோபா வரை வருகிறது.

அடுப்புமேடை:
எங்கள் வீட்டிலும் இதே கூத்து. அடுப்பின் பக்கவாட்டில் கண்ணாடித் தடுப்பு வைத்தால் தீ நிற்கும், ஆனால் பர்னரை ஒட்டி வைக்காதீர்கள். காற்றில் தீ அணைந்தால் கேஸ் பரவும். அணைந்தால் தானே அடைக்கும் பாதுகாப்பு அடுப்பில் இல்லையென்றால் அதை முதலில் மாற்றுங்கள். உங்கள் சிம்னி குழாய் எவ்வளவு?

நடுச்சுவர்:
வாய் 6 இன்ச். வெளியே போகும் இடத்தில் 4 இன்ச்சாகக் குறைத்து மூன்று வளைவு கொடுத்திருக்கிறார்கள்.

அடுப்புமேடை:
அங்கேயே பாதி இழுவை போய்விட்டது. 6 இன்ச்சாகவே வெளியே கொண்டு போங்கள், ஒரு வளைவோடு முடியுமா பாருங்கள். சமைக்கும்போது ஹால் ஃபேன் வேண்டாம், தூரத்து ஜன்னல் ஒன்றை மட்டும் திறந்து வையுங்கள். கரி ஃபில்டர் சிம்னி வாங்கச் சொல்வார்கள். அது வாடையைக் குறைக்கும், ஆவியை வெளியே தள்ளாது.

நடுச்சுவர்:
சரி, குழாயை மாற்றச் சொல்கிறேன். சுவர் நின்ற இடத்தில் டைல்ஸ் இல்லாமல் நீளமாக ஒரு பட்டை கிடக்கிறது, அதே டைல்ஸ் இப்போது கிடைக்கவில்லை.

ரசமட்டம்:
கிட்டத்தட்ட அதே நிறத்தில் தேடாதீர்கள், ஒட்டுப்போட்டது மாதிரி இருக்கும். கிரானைட் பட்டை கொடுங்கள். அதற்கு முன் மட்டக் கம்பு வைத்துப் பாருங்கள், ஹால் தரையும் சமையலறைத் தரையும் ஒரே மட்டத்தில் இருக்காது.

நடுச்சுவர்:
வைத்துப் பார்த்தேன். 8 மில்லி வித்தியாசம்.