பொருள்: தரவுத் தக்கவைப்பு – வேறு சொல் உண்டா? (வெள்ளிக்குள்)

அன்றில் எழுதியது:
வணக்கம். இணையச் சேவை வழங்குநர்கள் பயனர்களின் இணைப்புப் பதிவுகளைக் குறிப்பிட்ட காலம் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் போடுகிறார்கள் அல்லவா, அதைப் பற்றிய பாடநூல் அத்தியாயம் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். முன்பு செய்தவர் 'தரவுத் தக்கவைப்பு' என்று போட்டிருக்கிறார். எனக்கு உறுத்துகிறது. பதவியைத் தக்கவைப்பார்கள், ஆட்சியைத் தக்கவைப்பார்கள். எல்லாம் ஆசைப்பட்டுப் பிடித்துக்கொள்வது. இங்கே வழங்குநருக்கு ஆசை ஏது? செலவுதான்.

பனையேடு எழுதியது:
'இருத்துதல்' இருக்க ஏன் தேட வேண்டும்? 'இரு' தன்வினை, 'இருத்து' பிறவினை. போக வேண்டியதைப் போகவிடாமல் அமர்த்துவது. 'தரவிருத்தம்' என்று சுருக்கமாக ஆக்கலாம்.

நுட்பன் எழுதியது:
ஐயா, 'தரவிருத்தம்' என்றால் மாணவன் ஏதோ விருத்தப்பா என்று நினைத்து இது எத்தனை சீர் என்று கேட்பான். ஏற்கெனவே தரவு கலிப்பாவின் முதல் உறுப்பு. தரவை இருத்திவிட்டால் கடைசி உறுப்பான சுரிதகம் எப்போது வரும்?

பனையேடு எழுதியது:
கேலி இருக்கட்டும். சுரிதகம் வராததுதானே இந்தச் சட்டங்களின் கோளாறே! இயற்றல், ஈட்டல், காத்தல், காத்த வகுத்தல் என்று அரசுக்கு உரியவற்றை வள்ளுவரே வரிசைப்படுத்திவிட்டார். பின் மூன்றும் இங்கே திரட்டுதல், வைத்திருத்தல், கேட்டவருக்குக் கொடுத்தல். ஐந்தாவதாக அழித்தலும் வேண்டும் என்று அன்று யாருக்குத் தோன்றியிருக்கும்?

சட்டப்பித்தன் எழுதியது:
குறளிலிருந்து கொஞ்சம் இறங்கி வருவோம். இங்கே தேவை ஒரு சொல் அல்ல, இரண்டு. யார் மீதும் சந்தேகம் இல்லாதபோதே எல்லோருடைய பதிவையும் முன்கூட்டியே வைத்திருப்பது ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006 ஆணை அந்த வகை: ஆறு மாதத்துக்குக் குறையாமல், இரண்டு ஆண்டுக்கு மிகாமல். 2014 ஏப்ரல் 8 அன்று ஒன்றியத்தின் நீதிமன்றம் அது செல்லாது என்றது. குற்றமே செய்யாதவர் உட்பட அத்தனை பேரின் தொடர்புகளையும் அள்ளியது முக்கியமான காரணம். இன்னொன்று, வழக்கு என்று வந்த பிறகு, கையில் ஏற்கெனவே இருக்கும் குறிப்பிட்ட பதிவை மட்டும் அழிக்காதே என்பது. இணையக் குற்றங்கள் பற்றிய 2001 புடாபெஸ்ட் உடன்படிக்கை பேசுவது இதை. ஒரு முறைக்கு 90 நாள் வரை. இரண்டுக்கும் 'தக்கவைப்பு' என்றே போட்டால் மாணவனுக்குச் சட்டமே புரியாது. அந்தரங்கத்துக்கு வரும் கேடு முதலாவதில்தான் பெரிது.

பனையேடு எழுதியது:
'அந்தரங்கம்' எதற்கு? 'மறைவுரிமை' என்று தமிழில் எழுதலாமே.

சட்டப்பித்தன் எழுதியது:
மறைவுரிமை என்றால் ஏதோ ஒளிக்கிறான் என்று ஆகிவிடும். அரசுத் தரப்பு வழக்கறிஞர் அப்படித்தான் பேசுவார், நாம் ஏன் அவருக்குச் சொல் எடுத்துக் கொடுக்க வேண்டும்? 'தனியுரிமை' பரவிவிட்டது. 'தனியுரிம மென்பொருள்' (ஒரு நிறுவனத்துக்கே உரிமையான மென்பொருள்) என்பதோடு குழம்பும்தான், போகட்டும்.

நுட்பன் எழுதியது:
என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பெயர் வைக்கலாமா? ஒரு பதிவு வரி: தேதி, நொடி வரை நேரம், ஐபி முகவரி (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்), போர்ட் எண் (ஒரே முகவரியில் வரும் இணைப்புகளைப் பிரித்துக் காட்டும் எண்), சந்தாதாரர் எண். என்ன பேசினார் என்பது இதில் கிடையாது. ஆனால் இன்று ஒரே ஐபி முகவரியைப் பலருக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள். போர்ட் எண்ணும் நேரமும் சரியாக இல்லை என்றால் போலீஸ் வேறொருவர் வீட்டுக் கதவைத் தட்டும். அதனால் பதிவு இன்னும் நுணுக்கமாகிறது, குவியலும் பெரிதாகிறது. இதற்கு 'பதிவுகளை வைத்திருத்தல்' என்றால் யாருக்குப் புரியாது?

அன்றில் எழுதியது:
வாக்கியத்துக்கு அது போதும். அத்தியாயத் தலைப்புக்கும் சொல்லடைவுக்கும் ஒரு பெயர்ச்சொல் வேண்டுமே. ஜெர்மானியர் இதைப் பின்னால் உதவும் என்று சேர்த்துவைக்கும் சரக்காகவே பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த வழியில் 'தரவு இருப்பு' எப்படி?

நுட்பன் எழுதியது:
கணக்குப்பிள்ளை வாசனை அடிக்கிறது. தக்கவைப்பே இருக்கட்டும். அப்புறம், அதில் ஆசை ஒன்றும் இல்லை. 'தக்குதல்' என்றால் நிலைத்தல், கையில் நிற்றல். 'தகு' அல்ல வேர். தக்க வைத்தல் என்றால் நிற்கச் செய்தல், அவ்வளவே. பதவிக்காரர்கள் பிற்பாடு அதைக் கெடுத்துவிட்டார்கள்.

சட்டப்பித்தன் எழுதியது:
சரி, எனக்கும் சம்மதம். இரண்டாவதற்கு 'அழிப்புத் தடை'. செய்யச் சொல்வது அதைத்தானே.

அன்றில் எழுதியது:
அப்படியே போடுகிறேன்: தரவுத் தக்கவைப்பு, அழிப்புத் தடை, தனியுரிமை. ஒற்று மிகும்தானே? எல்லோருக்கும் நன்றி.

பனையேடு எழுதியது:
ஒற்று மிகும். சொல்தான் தவறு. 'தக்கு' தெலுங்கிலும் உண்டு, ஆனால் அங்கே பொருள் கிடைத்தலை நோக்கிப் போகிறது. நிற்றல் பொருள் நமக்கு எப்போது வந்தது என்று பார்க்க வேண்டும். 'இருத்து' பற்றித் தனி மடலாக எழுதுகிறேன். அடைப்புக்குறிக்குள்ளாவது 'இருத்திவைப்பு' என்று சேர்க்க முடியுமா? வெள்ளிக்கு இன்னும் நேரம் இருக்கிறது.